குதிகாலில் லேசான அசௌகரியம்

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் பயிற்சி நோட்டில் இப்படி எழுதியிருந்தான்: "இன்றைய பயிற்சி மிகவும் பயனுள்ளதாக அமைந்தது. குதிகால் பகுதியில் லேசான அசௌகரியம் உணரப்பட்டாலும், என் இலக்கை நோக்கிய பயணத்தில் அது ஒரு சிறு தடை மட்டுமே." அதற்குக் கீழே நான் சிவப்பு மையில் "குட்" என்று போட்டு ஒரு நட்சத்திரமும் வரைந்தேன். அந்தப் பக்கத்தை இப்போது திறந்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பும் பெற்றோர், பி.டி. டீச்சர்கள், என்னைப்போல் காலையில் மட்டும் மைதானத்துக்கு வந்து சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது படித்தால் நல்லது.

முதலில் இந்த நோட்டு விஷயம். கோவையில் கணபதி பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் காலை ஐந்தே முக்கால் முதல் ஏழே கால் வரை பிள்ளைகளுக்கு ஹர்டில்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன், ஒன்பது வருடமாக. பகலில் எனக்கு வேறு வேலை. கல்லூரி நாட்களில் நானும் 100 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடியவள்தான். செம்மண் தரை, சுண்ணாம்புக் கோடு, தெரிந்த பிளம்பர் ஒருவர் பிவிசி பைப்பை அறுத்து ஒட்டிக்கொடுத்த தடைகள், அவ்வளவுதான் எங்கள் சொத்து. பெரிய பெண்கள் ஓடும் 100 மீட்டரில் தடையின் உயரம் 83.8 செ.மீ., ஒரு தடைக்கும் அடுத்ததுக்கும் நடுவே 8.5 மீட்டர். எங்கள் வாண்டுகள் முழங்கால் உயரத்தில்தான் தொடங்குவார்கள், இடைவெளியையும் ஆளுக்கு ஏற்ற மாதிரி நகர்த்தி நகர்த்தி வைப்பேன். எல்லாம் அந்த மூன்று காலடிக்காகத்தான். ஒரு தடையைத் தாண்டி இறங்கியதும் ஒண்ணு, ரெண்டு, மூணு, அடுத்த தடை. அந்தத் தாளம் உடம்பில் உட்கார்ந்துவிட்டால் மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பிள்ளையும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்க வேண்டும். நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய், இன்றைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது (பத்துக்கு எத்தனை), எங்கேயாவது வலிக்கிறதா, அப்புறம் மனதில் பட்டது ஏதாவது ஒரு வரி. இதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆள் நான், ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்க நேரம் கிடையாது. நோட்டுதான் எனக்குக் கண்ணும் காதும்.

இதை நான் சும்மா ஒரு பழக்கத்துக்காகச் செய்யவில்லை. 2016-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்தது. விளையாட்டு வீரர்களின் உடம்பு பயிற்சியை எப்படித் தாங்குகிறது என்று கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்பு மாதிரியான அளவுகள் ஒரு பக்கம். வீரரையே "எப்படி இருக்கே?" என்று கேட்டு வாங்கும் பதில் இன்னொரு பக்கம். இரண்டையும் வைத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் திரட்டிப் படித்தவர்கள், வீரரே சொல்லும் பதில்தான் பயிற்சிப் பளுவை இன்னும் நுணுக்கமாகவும் சீராகவும் காட்டுகிறது என்று எழுதினார்கள். என்னைப் போல ஸ்டாப்வாட்சும் விசிலும் மட்டும் வைத்திருக்கும் ஆளுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தப் பதில் பிள்ளையிடமிருந்து வர வேண்டும், பிள்ளையின் வார்த்தையில் வர வேண்டும். ஏனென்றால் வலிக்கு நம்மிடம் இருக்கிற சொற்கள் அப்படி. "பிடிச்சிக்கிச்சு" என்று எழுதினால் தசைப்பிடிப்பு, தண்ணீர் குடித்தாயா என்று கேட்பேன். "சுருக்குன்னுச்சு" என்றால் தொடையின் பின்பக்கச் சதை, அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும், மறுபேச்சே இல்லை. "இழுக்குது" என்றால் இறுக்கம், ஸ்ட்ரெச்சிங் ஒழுங்காகச் செய்யவில்லை. "கடுக்குது" என்றால் முந்தைய நாள் பளு கூடிவிட்டது, ஒரு நாள் லேசாக விட்டால் சரியாகிவிடும். "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றால் வீக்கம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். "குத்துது" என்று ஒரே இடத்தைக் காட்டி ஒரு வாரத்துக்கு மேல் எழுதினால் எனக்குப் பயம் வந்துவிடும், அது எலும்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். "ஒடம்பெல்லாம் உளையுது" என்றால் காய்ச்சல் வரப்போகிறது. எந்தப் புத்தகத்திலும் படித்துக் கற்றதில்லை இது. எங்கள் அம்மாக்கள், ஆத்தாக்கள் பேசுகிற பேச்சு. பத்து வயதுப் பிள்ளை இந்தச் சொற்களில் எது தன் வலிக்குப் பொருந்தும் என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசிக்கும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அப்போது அது தன் காலைக் கவனிக்கிறது. அதுவும் பயிற்சிதான், ஹர்டில்ஸ் தாண்டுவதைப் போலவே.

"அசௌகரியம்" என்ற சொல் எனக்கு எதையுமே சொல்லவில்லை. இழுத்ததா, குத்தியதா, கடுத்ததா?

அந்தப் பையனின் நோட்டு முதலில் இப்படி இருக்காது. ஜூனில் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். "நேத்து தூக்கம் 10. கஷ்டம் 6. வலது முட்டி ஒராசிருச்சு. 3வது ஹடில்ஸ் பயம்." எழுத்துப்பிழையோடு இருக்கிறது, படித்தால் ஆளே எதிரில் நிற்கிறான். செப்டம்பர் நடுவில் திடீரென்று நோட்டு பளபளக்க ஆரம்பித்தது. முழு வாக்கியங்கள், காற்புள்ளி வர வேண்டிய இடத்தில் காற்புள்ளி, கடைசி வரியில் எப்போதும் விடாமுயற்சி பற்றி ஏதாவது. வீட்டில் அக்கா உதவுகிறாள் போலிருக்கிறது, தமிழ் டீச்சர் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்து அவனுடையதேதான், அதனால் சந்தேகம் வரவில்லை. ஃபோனில் ஏஐ ஆப் எழுதித் தந்ததைப் பார்த்து உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மாட்டிக்கொண்டது மழையில். ஐப்பசி மழை ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாலு மணிக்கே பிடித்துக்கொண்டது, நான் குரூப்பில் "இன்று பயிற்சி இல்லை" என்று போட்டுவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கும் அவன் நோட்டில் ஒரு பக்கம் இருந்தது. வார்ம் அப், தடை தாண்டும் நுட்பத்தில் முன்னேற்றம், பயிற்சியாளரின் ஊக்கம், எல்லாம். மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற நாள் அது.

கேட்பதற்கு முன்னால் அவன் நடப்பதைப் பார்த்தேன். கூல் டவுனுக்காக எல்லோரும் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள், இவன் மட்டும் பின்தங்கி, இடது குதிகால் தரையில் படாமல் விரல்களால் எட்டி எட்டி வைத்து நடக்கிறான். கூப்பிட்டு உட்காரவைத்து ஷூவைக் கழற்றச் சொன்னேன். குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் சேர்த்து அமுக்கியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான், கண்ணில் தண்ணீர். "எத்தனை நாளா?" என்றேன். "சரஸ்வதி பூஜைக்கு முன்னாடி இருந்துங்க்கா." ஒரு மாதத்துக்கு மேல்.

எலும்பு டாக்டரிடம் போனோம், அவன் அப்பாவும் நானும். செவர்ஸ் டிசீஸ் என்றார். பெயரில்தான் டிசீஸ், பயப்படும்படியான நோய் இல்லை. வளரும் பிள்ளைகளின் குதிகால் எலும்பில், பின்பக்கம், இன்னும் முழுசாக எலும்பாகாத வளர்ச்சித் தட்டு ஒன்று இருக்கும். கெண்டைக்கால் சதையிலிருந்து இறங்கும் தடித்த நார் அந்த இடத்தில்தான் வந்து பிடித்திருக்கிறது. உயரம் சடசடவென்று கூடும் காலத்தில் எலும்பு நீளும் வேகத்துக்குச் சதையும் நாரும் ஈடுகொடுக்காது, இறுகிப்போய் அந்தத் தட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஓட்டமும் குதிப்பும் சேர்ந்தால் அங்கே புண்பட்ட மாதிரி ஆகிவிடும். எட்டிலிருந்து பதினாலு வயதுக்குள் வருவது, வளர்ச்சித் தட்டு எலும்போடு சேர்ந்ததும் போய்விடும். குதிப்பை நிறுத்தி, குதிகாலுக்குக் கீழே மெத்தென்று ஒரு பேட் வைத்து, வலி குறைந்ததும் கெண்டைக்கால் சதையை மெதுவாக நீட்டிப் பழக்க வேண்டும். முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தால் கொஞ்ச நாள் ஓய்வோடு முடிந்திருக்கும். ஒரு மாதம் அதன்மேலேயே குதிக்கவிட்டதால் இரண்டரை மாதம் ஆனது. மாவட்டப் போட்டி போயிற்று.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் உயரத்தை மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு காலையில், ஸ்டோர் ரூம் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுக் குறித்து வைப்பது என் வழக்கம். செப்டம்பரிலும் அக்டோபரிலும் என் வேலை நெருக்கடியில் அதை விட்டுவிட்டேன். நவம்பரில் அளந்தபோது 152 செ.மீ. ஜூனில் 148. ஐந்து மாதத்தில் நாலு சென்டிமீட்டர், அதாவது வருடத்துக்கு ஒன்பது பத்து சென்டிமீட்டர் போகும் வேகம். பையன்களுக்கு வாழ்க்கையிலேயே உயரம் வேகமாகக் கூடும் கட்டம் அது. பெரும்பாலும் பதிமூணு பதினாலு வயதில் வரும், இவனுக்குச் சற்று முன்னாலேயே வந்துவிட்டது. பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டை ஒட்டியே வரும். கால்கள் முதலில் நீளும், உடம்பு பிறகுதான் பிடித்துக்கொள்ளும். அதனால் நேற்றுவரை அழகாக மூன்று காலடியில் தாண்டிய பிள்ளை இன்றைக்குத் தடைக்கு மிக நெருக்கத்தில் வந்து தடுமாறும், டம்ளரைக் கூடத் தட்டிவிடும். அதைப் பார்த்து "கவனமே இல்லை" என்று திட்டுகிற கோச்சுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தன் கால் எவ்வளவு நீளம் என்பதே அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் மாறிக்கொண்டிருக்கிறது, பாவம்.

சரி, பையனிடம் பேசினேன். திட்டவில்லை. ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டதும் ரொம்ப நேரம் மண்ணையே கிளறிக்கொண்டிருந்தான். அப்புறம் இரண்டு காரணம் சொன்னான். ஒன்று, செப்டம்பரில் ஒருநாள் வேறொரு பெண்ணின் நோட்டை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி "பாருங்க, எவ்வளவு அழகா எழுதியிருக்கா" என்று நான் சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. அவனுக்கு எழுத்துப்பிழை வரும், வகுப்பில் அதற்காகத் திட்டு வாங்குகிறவன். அன்றைக்கே வீட்டுக்குப் போய் அக்காவின் ஃபோனில் இருந்த ஒரு ஏஐ ஆப்பிடம் "ஹர்டில்ஸ் டைரி எழுதிக் கொடு" என்று கேட்டிருக்கிறான். இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "குத்துதுன்னு எழுதினா டிஸ்ட்ரிக்ட் மீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டீங்கன்னு பயமா இருந்துச்சுங்க்கா. பொய்யும் எழுதக் கூடாதுல்ல. அதுகிட்ட குதிகால் வலின்னு சொன்னேன், அது அப்படி எழுதிக் குடுத்துச்சு."

இதை எத்தனை முறை நினைத்தாலும் ஆறவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பொய் சொல்ல மனசில்லாமல் வலியை அந்த மெஷினிடம் உண்மையாகச் சொல்லியிருக்கிறான். "குதிகால் வலி" என்பது உள்ளே போய் "லேசான அசௌகரியம்" என்று வெளியே வந்திருக்கிறது. லேசான என்ற சொல் அவனுடையது இல்லை. அவன் சொல்லவே இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். இந்த மென்பொருள்கள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்துத்தான் எழுதுகின்றன. "விளையாட்டு வீரரின் டைரி" என்று கேட்டால், உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட அந்த மாதிரி எழுத்துகளில் எது அதிகமோ அதன் பக்கமே சாயும். வலியைச் சமாளித்து முன்னேறுவது, இலக்கு, பயணம், விடாமுயற்சி. அதற்குக் குதிகால் கிடையாது, அதைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. நம் பிள்ளைக்குக் குதிகால் இருக்கிறது.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர், பையன்மேல் உயிர். டாக்டரிடம் போய்வந்த மறுவாரம் மைதானத்துக்கு வந்து மடித்து வைத்த நான்கு தாள்களை நீட்டினார். செப்டம்பரிலிருந்து வீட்டில் சாயங்காலம் தனியாக ஒரு பயிற்சி நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். "ஏனுங்க மேடம், இதுல தப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா? கம்ப்யூட்டரே போட்டுக் குடுத்ததுங்க." பன்னிரண்டு வாரத் திட்டம். கட்டம் போட்டு, தலைப்பு போட்டு, வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம், பெட்டியிலிருந்து கீழே குதித்து உடனே மேலே எம்புகிற டெப்த் ஜம்ப் வாரம் மூன்று நாள். தாளைப் பார்த்தால் ஏதோ தேசிய அணிக்குப் போட்ட மாதிரி இருக்கும். கணக்கைக் கூட்டினேன். வீட்டில் பன்னிரண்டு மணி நேரம், என்னிடம் ஒன்பது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வாரத்துக்கு இருபத்தொரு மணி நேரம். பிள்ளைகளின் காயங்களைப் பற்றி நீரு ஜெயந்தி என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தன் வயதைவிட அதிக மணி நேரம் வாரத்தில் பயிற்சி செய்த பிள்ளைகளுக்குக் கடுமையான காயம் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்பது அதில் கண்டது. பன்னிரண்டு வயதென்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், இதை ஒரு வேலிபோல வைத்துக்கொள்ளலாம்.

அவர் கேட்ட கேள்வி "12 வயது பையன், ஹர்டில்ஸ், ஸ்டேட்டில் ஜெயிக்க வேண்டும்" என்பது மட்டும்தான். அதற்கு வந்த பதில்தான் அந்த நான்கு தாளும். சமீபத்தில் எவ்வளவு வளர்ந்தான், எங்காவது வலிக்கிறதா, வேறு எங்கேயாவது பயிற்சிக்குப் போகிறானா என்று அது ஒரு கேள்வியும் திருப்பிக் கேட்கவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அன்றிரவு நானே அதே மாதிரி ஆப் ஒன்றில் முழு விவரமும் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து மாதத்தில் நாலு சென்டிமீட்டர், குதிகாலில் குத்தல், வாரம் இருபத்தொரு மணி நேரம் என்று எழுதியதும், குதிப்பை உடனே நிறுத்துங்கள், டாக்டரைப் பாருங்கள் என்று சரியாகவே சொன்னது. டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டை அந்த அப்பாவுக்குப் புரியும் தமிழில் மாற்றிக் கொடுத்ததும் அதேதான், அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். கால் எப்படி இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதற்குத் தெரியும். சொல்ல வேண்டியது நோட்டு. அந்த நோட்டை எழுதியதும் இன்னொரு மெஷின். மெஷின் எழுதிய டைரி ஒரு பக்கம், மெஷின் போட்ட ஷெட்யூல் இன்னொரு பக்கம், இரண்டும் பார்க்க அத்தனை ஒழுங்கு, நடுவில் ஒரு பிள்ளை விரல் நுனியில் நடந்துகொண்டிருந்தான்.

இன்னொன்று. ஒரே போட்டியைப் பிடித்துக்கொண்டு சின்ன வயதிலேயே ஸ்டேட், நேஷனல் என்று ஓடுவது தேவையே இல்லை. மாவட்டங்களுக்கு இடையிலான தேசிய ஜூனியர் தடகளத்தில்கூட, பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று தடகளப் போட்டிகளைச் சேர்த்த ட்ரையத்லான் வைத்தார்கள். அந்த வயதில் பிள்ளை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும் என்பதற்காகத்தான். இதை நான் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கேனட் நிறுவனத்தின் கொலம்பஸ் டிஸ்பாட்ச் பத்திரிகை பள்ளிக்கூட விளையாட்டுச் செய்திகளை ஏஐ கருவி ஒன்றை வைத்து எழுதிப் போட்டது. ஒரு பையன்கள் கால்பந்துப் போட்டிச் செய்தியில் ஜெயித்த அணியின் செல்லப்பெயர் வர வேண்டிய இடத்தில், "வெற்றிபெற்ற அணியின் செல்லப்பெயர்" என்று நிரப்பாத கட்டம் அப்படியே வெளியானது. ஊரே பேசிய பிறகு அந்தச் சோதனையை நிறுத்திவைத்தார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒரு மண்டலப் போட்டியில் இரண்டாவதாக வந்தேன். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் வியர்த்து விறுவிறுத்து வந்து, என் இனிஷியலை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டு போனார். மறுநாள் ஆறாவது வரியில் பொடி எழுத்தில் என் பெயர். அம்மா அதை வெட்டி பீரோவில் புடவை அடுக்குக்குக் கீழே வைத்தார், இன்னும் இருக்கிறது. அந்த ஒஹாயோ பையன்களும் ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போய் பேப்பரைத் திறந்திருப்பார்கள் இல்லையா?

அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் கூகுள் ஒரு விளம்பரம் போட்டது, என் துறை என்பதால் கூர்ந்து பார்த்தேன். 400 மீட்டர் ஹர்டில்ஸின் உலக சாதனைக்காரி சிட்னி மெக்லாக்லின் லெவ்ரோன் மாதிரி ஆக ஆசைப்படும் ஒரு சின்னப் பெண். அவள் சிட்னிக்குக் கடிதம் எழுத வேண்டும். அவள் அப்பா கூகுளின் ஏஐயான ஜெமினியிடம் எழுதித் தரச் சொல்கிறார். பார்த்தவர்கள் கொதித்துப்போய், பிள்ளை தன் கையால் எழுத வேண்டிய கடிதத்தையுமா என்று கேட்க, ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒலிம்பிக்ஸ் ஒளிபரப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். சில நாளில் சிட்னி 50.37 விநாடியில் தன் சாதனையைத் தானே முறியடித்தார், அது வேறு கதை.

எங்கள் மைதானத்திலும் அப்படி ஒரு கடிதம் உண்டு. கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஹர்டில்ஸை 55.42 விநாடியில் ஓடி, 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா வைத்த தேசிய சாதனையைச் சமன் செய்தார். உஷா ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கில் பதக்கத்தைத் தவறவிட்ட அதே ஓட்டம். முப்பத்தொன்பது வருடம் யாராலும் தொட முடியாத நேரம். மறுநாள் இறுதியில் வெண்கலமும் வாங்கினார். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பேச்சுதான் ஒரு மாதம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ரூல்ட் பேப்பரில் எழுதிக்கொண்டு வந்து, அனுப்பிவிடுங்கள் என்று என்னிடம் கொடுத்தாள். நாலே வரி. "வித்யா அக்கா, நான் கணபதியில் இருக்கேன். எனக்கு கடைசி ஹடில்ஸ் வரும்போது கால் காலி ஆயிடுது. உங்களுக்கும் ஆகுமா? ஆனா என்ன பண்ணுவீங்க?"

"கால் காலி ஆயிடுது." 400 மீட்டர் ஹர்டில்ஸின் கடைசி நூறு மீட்டரில் என்ன நடக்கும் என்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கு வராது. அவளோ இன்னும் எண்பது மீட்டருக்கு மேல் ஓடியதில்லை.

சில நண்பர்கள் ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வைத்துப் பிள்ளைகளின் நோட்டைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை 2023 தொடக்கத்தில் வெளியிட்டு, சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று அதே ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. தானே எழுதிய பிள்ளையைப் பார்த்து "இது நீ எழுதினது இல்லை" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எனக்கு எதையும் எழுதாது.

அதனால் வேறு மாதிரி மாற்றிக்கொண்டேன். நோட்டு இப்போது வீட்டுக்குப் போவதில்லை. கூல் டவுன் முடிந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வியர்வை காய்வதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மூன்று வரி போதும். எழுத்துப்பிழையைத் திருத்த மாட்டேன், அழகாக எழுதினால் பாராட்டவும் மாட்டேன், நட்சத்திரம் போடுவதை அறவே விட்டுவிட்டேன். எழுத வராத பிள்ளை என் பக்கத்தில் வந்து வாயால் சொல்லலாம், அவர்கள் சொன்ன சொல்லையே நான் எழுதிக்கொள்வேன். யார் எழுதினாலும் கீழே ஒரு வரி பதில் எழுதுகிறேன், பெரும்பாலும் ஒரு கேள்வியாக: "எந்தப் பக்கம் குத்துது? படி ஏறும்போதும் குத்துதா?" அப்புறம் முக்கியமான ஒன்று, வலி என்று எழுதியதற்காக யாரையும் போட்டியிலிருந்து எடுக்க மாட்டேன் என்று பெற்றோரையும் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். டாக்டர் சொன்னால் மட்டும்தான் எடுப்பேன், அதையும் முதலில் பிள்ளையிடம்தான் சொல்வேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முப்பது நோட்டில் ஐந்தாறு நோட்டில் இன்னமும் "நல்லா இருந்துச்சு" என்று மட்டும்தான் தினமும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், அதற்கு நேரம் கண்டுபிடிக்க வேண்டும். லேத் பட்டறை அப்பா சாயங்காலப் பயிற்சியை நிறுத்திவிட்டார். ஞாயிறு காலையில் வந்து கதவு நிலையில் உயரம் அளக்க உதவுகிறார். மில்லிமீட்டர் கணக்கு பார்க்கிற கை அவருடையது, என்னைவிடத் துல்லியம்.

பையன் தை பிறந்து பத்து நாள் கழித்துத் திரும்ப ஓட வந்தான். இடைவெளியை அரை அடி தள்ளி வைத்தும் மூன்று காலடித் தாளம் இன்னும் சரியாக உட்காரவில்லை, மூன்றாவது தடையில் நெருங்கிப் போய்விடுகிறான். நேற்று அவன் நோட்டில் இருந்தது: "தூக்கம் 9.30. கஷ்டம் 7. குதிகால் குத்தல. கெண்டக்கால் இழுக்குது, ரெண்டு பக்கமும். கால் பெருசாயிட்ட மாதிரி இருக்கு, ஷூ பத்தல." கீழே "என்ன சைஸ்?" என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.